பதினேழாவது கேள்வி

ஆறாவது கேள்விக்கு வந்துவிட்டாள் அம்சவேணி. “ஒசரம் கேக்கறானுங்க, சென்டிமீட்டர்ல,” என்றாள், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். சாப்பாட்டு மேசையின் இந்தக் கோடியில் ஐரோப்பாவின் மலை வரைபடத்தை விரித்து, மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் ஊறுகாய் பாட்டிலையும் உப்பு ஜாடியையும் பாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சென்னியப்பன், “நூத்தி எழுவது போடு,” என்றார். நூற்று அறுபத்தெட்டுத்தான். அவள் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுபத்தெட்டே அடித்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷமான பெண்டாட்டியிடம் இரண்டு சென்டிமீட்டர்கூடத் திருட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி; தெருவில் நாய்கூட நடமாடவில்லை. பொள்ளாச்சியில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி, தன் ஐம்பத்தைந்தாவது வயதில், வருகிற ஜூலையில், வாடகை மோட்டார் சைக்கிளில் ஒற்றை ஆளாக ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள் பன்னிரண்டைத் தாண்டப் போகிறார். ஜெர்மனியில், மூனிக்கில் வண்டி தருகிற கம்பெனி அனுப்பிய படிவம் இது. இருபத்து மூன்று கேள்வி. அவருக்கு இங்கிலீஷ் தகராறு. அம்சவேணி பள்ளிக்கூட டீச்சர். அவள் வாசித்துச் சொல்ல, அவர் பதில் சொல்ல, அவள் அடிப்பது என்று ஏற்பாடு. ஆனால் காலையில் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் எழுத்துக்கூட்டிக் கடைசிவரை பார்த்துவிட்டார். பதினேழாவது கேள்வி: கடந்த பத்து வருஷத்தில் விபத்து ஏதாவது உண்டா, உண்டென்றால் காரணம் என்ன. அதைப் படித்ததிலிருந்து கேள்விகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அதற்கு இன்னும் பதினோரு கேள்வி இருந்தது.

“எடை?” எழுபத்து நாலு. இதில் பொய் சொல்லவில்லை. பென்சில் ஸ்டெல்வியோ என்ற கணவாயின் பெயரின்மேல் நின்றது. நாற்பத்தெட்டுக் கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். ஏறுகிறவனுக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று குறைந்துகொண்டே போய் உச்சியில் ஒன்று. வால்பாறை ரோட்டில் நாற்பதுதான். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் நாற்பது வளைவு சும்மா கிடக்கிறது, இந்த மனுஷன் எதற்காகக் கடல் தாண்டிப் போய் வளைவு தேடுகிறார் என்று சிரிக்காதவர் இல்லை. சிரிக்கட்டும். ஐந்து வருஷமாக அவர் அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிளில் இறங்கியதே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. ஐரோப்பாவில் எல்லாம் வலது பக்கமாகப் போக வேண்டும். இருபத்தாறு வருஷம் ‘லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ’ என்று கத்தின தொண்டை இது. ராத்திரி படுத்தால் மனசுக்குள்ளேயே வலது பக்கம் ஓட்டிப் பழகுகிறார். எதிரே சுவிஸ்காரர்களின் மஞ்சள் தபால் பஸ் ஹாரனைப் பாட்டுப் போல அடித்துக்கொண்டு வருகிறது, அந்த ஊர் மலையில் அதற்குத்தான் முதலில் வழிவிட வேண்டுமாம், சரி, விடுகிறார், ஓரம் கட்டுகிறார், வலதா இடதா, தூக்கம் போய்விடுகிறது. நிதானமாக இருக்கும்போது யாருக்கும் வலது வரும். பயத்தில் கை எந்தப் பக்கம் போகும்? கை யோசித்துப் போவதில்லை, பழகின பக்கம் போகும். காலும் அப்படித்தான். காலும் என்று நினைத்ததும் பென்சில் முனை அழுந்திப் படத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. நல்ல வேளை, ஓரமாக விழுந்தது, ரோடு தப்பித்தது.

கால். மேசைக்கடியில் ரப்பர் செருப்புக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கிற இந்த வலது கால். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுக்கிறவருக்கென்று இடது சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் மிதிக்க மறந்தால் இவர் மிதித்துவிடலாம். அந்த ஒற்றை பிரேக்கை நம்பித்தான் இருபத்தாறு வருஷப் பிழைப்பு. கல்லூரிப் பெண்கள், கல்யாணத்துக்குக் கார் வாங்கின மாப்பிள்ளைகள், ரிட்டயர் ஆன தாசில்தார், எல்லாரும் காந்தி சிலை ரவுண்டானாவில் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள்தான். சென்னியப்பன் வெற்றிலை போட்டபடி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சுக்கூட நிற்காது, கால் மட்டும் போய் மிதித்துவிட்டு வரும். எத்தனை சைக்கிள்காரர்கள், எத்தனை கன்றுக்குட்டிகள் இந்தக் காலால் உயிர் பிழைத்தன என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் சொன்னார், “ஒங்க காலுக்குத் தனியா லைசென்ஸ் குடுக்கோணும் சென்னியப்பா.” அன்றைக்கு அதைக் கேட்டு அவருக்கு என்ன ஒரு பெருமை.

“ஒம்பது,” என்றாள் அம்சவேணி. “பின்னால ஒக்கார ஆராச்சும் வர்றாங்களான்னு கேக்கறானுங்க.” அவர் வாயைத் திறப்பதற்குள் ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் பத்துக்குப் போய்விட்டாள். எத்தனை வருஷமாக ஓட்டுகிறார், எந்த மாதிரி வண்டிகள், சர்வதேச லைசென்ஸ் நம்பர். அவர் நம்பரைச் சொல்லிக்கொண்டே அவளுடைய இடது காலைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் தலையணை போட்டு நீட்டி வைத்திருந்தாள்; மடக்கி உட்கார முடியாது. முழங்காலுக்குள்ளே தகடும் நாலு திருகாணியும் இருக்கின்றன. இந்த ஐந்து வருஷத்தில் அவள் எந்த வண்டியின் பின்சீட்டிலும் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ, கோயிலுக்கு ஆட்டோ, அக்கா வீட்டுக்குப் பஸ். ‘வேண்டாம்’ என்றுகூடச் சொன்னதில்லை. அவர் வண்டியை எடுத்தால் அவள் உள்ளே ஏதோ வேலையாக இருப்பாள், அவ்வளவுதான். போகிற விஷயத்தை முதலில் சொன்னபோது அதே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிற மகள் பிரதீபா போனிலேயே சண்டைக்கு வந்தாள், தனியாகப் போகக் கூடாது, குழுவாகப் போகிறவர்களோடு போங்கள் என்று. அம்சவேணி சண்டை போடவில்லை. “போயிட்டு வாங்க,” என்றாள். அந்த ‘போயிட்டு வாங்க’ சாதாரணமாகச் சொன்னதா, வேறு எதையோ உள்ளே வைத்துக்கொண்டு சொன்னதா என்று அவர் பதினாறு நாளாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

விபத்துக்குக் காரணம் எண்ணெய் என்றுதான் சொன்னார். சித்திரை மாசம், வால்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள், பட்டுச் சேலையில் அம்சவேணி ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்திருந்தாள், இருபத்து மூன்றாவது வளைவில் வண்டி சறுக்கிற்று, இரண்டு கால்களும் இருந்த பக்கமாகவே சாய்ந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் டிரைவர், “என்னாச்சுங்க?” என்று கேட்டான். ‘ரோட்டுல எண்ணெய்’ என்று வாய் சொல்லிற்று. அவர் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. ஆனால் வாயும் அவருடையதுதானே. அன்றைக்கு அது இரண்டே வார்த்தை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது லாரி எண்ணெய் ஆயிற்று. சொந்தக்காரர்கள் வந்தபோது தட்டு அகலத்துக்குக் கறுப்பாக, வெயிலில் பளபளவென்று. ஸ்கூலில் மாணவர்களுக்குச் சொல்லும்போது அது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது: ‘மலையில எறங்கறப்ப ரோட்டப் பாரு, எனக்கே என்னாச்சுன்னு தெரியுமில்ல’ என்பார், அவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். இப்போது கண்ணை மூடினால் அந்த எண்ணெயை அவரால் பார்க்கக்கூட முடிகிறது. அதுதான் பயம். இன்னும் நாலைந்து வருஷம் போனால் அது உண்மையிலேயே அங்கே இருந்துவிடும் போலிருக்கிறது.

இதில் பெரிய கூத்து மாசாணியம்மன் கோயிலில் நடந்தது. ஆனைமலைக்குப் போய் அங்கே இருக்கிற நீதிக் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால், நமக்கு அநியாயம் செய்தவனை அம்மன் தொண்ணூறு நாளைக்குள் பார்த்துக்கொள்வாள் என்று இந்தப் பக்கத்தில் நம்பிக்கை. அம்சவேணியின் அக்கா பாக்கியம், “என்ற தங்கச்சி கால முறிச்சவன் எவனா இருந்தாலும் வெளங்கக் கூடாது, எண்ண ஊத்துன லாரிக்காரன அம்மன் சும்மா உடமாட்டா,” என்று ஒற்றைக்காலில் நின்றாள். மிளகாய் வாங்கிக்கொடுத்தது யார்? சென்னியப்பன்தான். கால் கிலோ, நல்ல காரமாகப் பார்த்து. பாக்கியம் மூக்கு ஒழுக ஒழுக அரைத்தாள், அவர் பக்கத்தில் பயபக்தியாகக் கை கட்டி நின்றார், கண் எரிந்தது, எல்லாருக்கும்தான் எரிந்தது. அம்சவேணி மாவுக்கட்டோடு காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நீ போயி அரைச்சுட்டு வாக்கா, எனக்கு வேண்டுதல் ஒண்ணுமில்ல,” என்றாள். கால் வலி, இறங்க முடியவில்லை என்றுதான் அப்போது நினைத்தார். ஆனால் சக்கர நாற்காலி டிக்கியில் இருந்தது. அது ஏன் இன்றைக்கு ஞாபகம் வர வேண்டும்? அதற்கப்புறம் தொண்ணூறு நாளும் அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார், மின்சார சுவிட்சை ஈரக்கையால் தொடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அம்மன்கூடக் கேட்கவில்லை என்பது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தொண்ணூற்று ஒன்றாம் நாள் காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

“பதினாலு. மழையில, பனியில ஓட்டுன அனுபவம் இருக்குதுங்களா?” மழையில் உண்டு, பனியில் எங்கே. ஊட்டிப் பனியைப் போடலாமா? போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவள் வேகமாக அடிக்கிறாள், விரல்கள் நிற்பதே இல்லை, கொஞ்சம் மெல்லப் போகக் கூடாதா, நடுவில் ஒரு காபிக்கு எழுந்திருக்கக் கூடாதா. எழுந்திருந்தால் அந்த இரண்டு நிமிஷத்தில் தானே பதினேழில் எதையாவது தட்டிவிடலாம். எழுத்துக் கூட்டி ‘ஆயில்’ என்று அடிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு ஜெர்மன்காரன், முகம் தெரியாதவன், அவனிடம் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? உண்மையை எழுதினால் வண்டி தரமாட்டானோ என்னவோ. வண்டி தராவிட்டால் இந்தக் கால் திருந்திவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. அதற்காகத்தான் போகிறார். பனி பார்க்க இல்லை, படம் பிடிக்க இல்லை. பின்னால் யாரும் இல்லாமல், எவருக்கும் ஒன்றும் ஆகாமல், நூற்றுக்கணக்கான வளைவுகளில் இறங்கி, ஒவ்வொன்றிலும் எதிரே வருகிறவன் எப்படித் தடுமாறினாலும் கால் மிதிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயே பார்க்கலாம். இங்கே அந்த இருபத்து மூன்றாவது வளைவு இருக்கிறது. அவர் பயந்தாங்கொள்ளி, அதையும் ஒத்துக்கொள்கிறார்.

பதினைந்து, ரத்தப் பிரிவு. பதினாறு, கண்ணாடி போடுகிறவரா. போடுகிறவர். அப்புறம் விரல்கள் நின்றன. அவள் திரையை ஒரு தடவை படித்தாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தாள். “ஆக்சிடெண்ட் ஏதாச்சும் ஆயிருக்குதான்னு கேக்கறானுங்க, பத்து வருசத்துல. ஆமான்னு போட்டுட்டேன்.” அவர் உப்பு ஜாடியின் மூடியைத் திருகினார், திறந்தார், மூடினார். “காரணம் எழுதோணும். எரநூறு எழுத்துக்குள்ள.” அவர் மூடியை மறுபடி திருகினார். அவளும் காத்திருந்தாள், ஐந்து வருஷம் காத்திருந்தவள் மாதிரி அவசரமில்லாமல் காத்திருந்துவிட்டு, வந்த விருந்தாளியிடம் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில், “எண்ணெய்னே போட்டுரட்டுங்களா?” என்றாள்.

அந்தக் குரலில் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. ‘போடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவாள், பதினெட்டுக்குப் போய்விடுவாள், சாயங்காலம் காபி வரும், ஜூலையில் விமானம் ஏறலாம், சாகிற வரைக்கும் இந்தப் பேச்சே வராது. அவள் கொடுக்கத் தயாராக இருந்தாள். வாங்கிக்கொள்ள அவருக்குத்தான் உடம்பு கூசிற்று. “எண்ணெய் இல்ல, அம்சா,” என்றார். “தெரியுங்க,” என்றாள். “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் அந்த ரோட்டுல கன்னத்த வெச்சுப் படுத்திருந்தவ நானு. மண்ணும் சூடுந்தான் இருந்துச்சு.” அப்புறம் அவர் சொன்னார். கீழேயிருந்து ஒரு வெள்ளைக் கார் ஏறி வந்தது, ஓட்டினவன் புதுசு, அரைக் கிளட்சில் எஞ்சின் கதறுகிற சத்தம் இவருக்கு அத்துப்படி, வளைவில் முன்சக்கரம் கொஞ்சம் ஆடிற்று, அவ்வளவுதான், இந்தக் கால் அந்தக் காரை நிறுத்தப் போயிற்று. தன் வண்டியை அல்ல, அவன் காரை. மிதித்த மிதி இவர் வண்டியின் பின் பிரேக்கில் இறங்கிற்று, இறக்கத்தில், சாய்ந்த வண்டியில், எந்தப் பிரேக்கை மிதிக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாரோ அதே பிரேக். அந்தக் கார் ரோட்டின் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை. ஒழுங்காக ஏறிப் போய்விட்டது. “இருபத்தாறு வருசம் மத்தவங்க தப்பத் திருத்துன காலு, அம்சா. எனக்கு அதச் சொல்ல வாய் வரல. சொன்னா ஸ்கூல் என்னாகும், ஊர் என்ன சொல்லும்னு… ஊரு இல்ல. நீ என்ன நெனப்பேன்னுதான்.”

“எரநூறு எழுத்துத்தானுங்க,” என்றாள் அவள். டீச்சர் குரல்தான். அவர் சுருக்கினார். வெள்ளைக் காரை எடுத்துவிடச் சொன்னார். அது ஒன்றும் செய்யவில்லையே. இருபத்தாறு வருஷத்தை எடுத்தார். இறக்கத்தை எடுத்தார், சித்திரை வெயிலை எடுத்தார். எடுக்க எடுக்க அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போயிற்று. கடைசியில் மிஞ்சினதை அவள் அடித்துவிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: வளைவில் பின் பிரேக்கைத் தவறாக மிதித்தேன், தவறு முழுக்க என்னுடையது. “சரியா இருக்குதுங்களா?” சரியாக இருந்தது. பாதிக் கட்டம் இன்னும் காலியாகவே கிடந்தது. அப்புறம்தான் அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். “இத எங்கிட்டச் சொல்றதுக்கு, உங்களுக்கு ஒரு ஜெர்மன்காரன் வந்து கேக்கோணுமா?” என்றாள். கோபத்துக்கும் அழுகைக்கும்தான் அவர் பதில் தயார் செய்து வைத்திருந்தார். “ஆமா,” என்றார்.

பதினேழிலேயே இன்னும் இரண்டு கட்டம் இருந்ததை அவர் காலையில் கவனிக்கவில்லை. யாருக்காவது காயம் உண்டா என்று ஒன்று. அவரைக் கேட்காமலே ‘மனைவி’ என்று அவள் அடித்தாள், வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றி அடிக்கிற மாதிரி. அடுத்ததைப் படித்ததும் கையை எடுத்துவிட்டு, லேப்டாப்பை மேசைமேல் அப்படியே தள்ளினாள். அது ஆல்ப்ஸ் மலைப் படத்தின்மேல் ஏறி அவர் முன்னால் வந்து நின்றது. “இத நீங்க போடுங்க,” என்றாள். அவர் எழுத்துக்கூட்டினார். காயம்பட்டவர் முழுசாகக் குணமாகிவிட்டாரா. ஆம், இல்லை, இரண்டு வட்டம். இதற்கு இங்கிலீஷ் தேவையில்லை, ஒன்றைத் தொட்டால் போதும். எதைத் தொடுவது? அவருக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் ஐந்து வருஷம் சாப்பிட்டிருக்கிறார், மாத்திரை வாங்கி வந்திருக்கிறார், ஆட்டோ கூப்பிட்டுவிட்டிருக்கிறார், ஒரு நாள்கூட அவளைப் பார்த்து அதைக் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு அங்கே போய்விடும் என்று பயந்தே கேட்டதில்லை. விரலை எடுத்துக்கொண்டார். “அம்சா,” என்றார். “வலிக்குதா இன்னும்?” “எந்த வலியக் கேக்கறீங்க?” என்றாள். “எல்லாத்தையும் சொல்லு,” என்றார் சென்னியப்பன். அவள் முழங்காலிலிருந்து ஆரம்பித்தாள்.